நீத்துப்பெட்டிக்குள்ள ஒரு பல்ப்

போன மாசம் எனக்கு நல்ல கோவம் வந்தது. முதல்ல அதை எழுதிப்போட்டு மற்றதுக்கு வாறன்.

மகளுக்குத் தன்ர அறைக்கு ஒரு விளக்குக்கூடு வேணுமாம். (பதின்மூண்டு வயசு. அறை வடிவா இருக்கோணும், நாங்கள் உள்ளுக்க வரக்கூடாது.) யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போன இடத்தில ஒரு கடையில தொங்கிச்சுது. மூங்கிலால செய்த வட்டக்கூடு. கையில எடுத்துப் பார்த்தன். 7,500 ரூபா.

விலை ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த மூங்கிலை உற்றுப் பார்த்தன் பாருங்கோ, அங்கதான் எனக்கு ஏறினது. ஒரு குச்சி தடிப்பு, மற்றது மெல்லிசு. ஒரு இடத்திலயும் நூல்கட்டு இல்லை, எல்லாம் சூடாக்கி ஒட்டுற பசை. விரலால லேசா அமத்த ஒரு மூட்டு "டிக்" எண்டு கழண்டுது. அடியில வெளிநாட்டில செய்ததெண்டு ஒரு ஸ்ரிக்கர்.

வல்வெட்டித்துறையில இருந்து போய், கோணல்மாணலாச் சீவின மூங்கிலுக்கு 7,500 ரூபா குடுக்கிறதோ?

தைப்பொங்கலண்டு எங்கட உதயசூரியன் கடற்கரைக்கு வந்து பட்டம் பார்த்த ஆக்களுக்கு இந்தக் கோவம் விளங்கும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி, பாம்பு எண்டு பழைய பட்டங்களும் ஏறும். கப்பல் மாதிரி, விமானம் மாதிரி, ஒரு பெரிய மிருகம் மாதிரி, கால் கை ஆடுற பட்டங்களும் ஏறும். ஒவ்வொண்டும் ஒரு வீட்டு விறாந்தையில, கிழமைக்கணக்கா, பெடியள் சாப்பாடு தண்ணி மறந்து கட்டினது. ராவில லைற் பூட்டியும் ஏத்துவினம். மூங்கில், நூல், கடதாசி, பசை. இவ்வளவுதான் மூலப்பொருள்.

அந்தப் பட்டம் எல்லாம் பொங்கல் முடிய எங்க போகுது? கொஞ்சம் வேலியில. கொஞ்சம் பனையில. மிச்சம் கோடிப்பக்கம் சாய்ச்சு வைச்சு, மழையில நனைஞ்சு, கடைசியில அடுப்புக்க.

எங்கட வீட்டுக் கோடியிலயும் ஒரு எட்டுமூலை கிடந்தது. கடதாசி கிழிஞ்சிட்டுது. எலும்பு அப்பிடியே இருக்கு.

கடையால வந்து சைக்கிளை விடேக்கை அதுதான் என்ர கண்ணில முதல் பட்டது.

---

மகள் உடனே போனை எடுத்து வீடியோ காட்டத் தொடங்கிட்டாள். "வீட்டிலேயே செய்யலாம்" எண்டு ஆயிரம் வீடியோ இருக்கு. நானும் கனகாலமாப் பாக்கிறனான். அதுகளில எனக்கு ஒரு குறை இருக்கு. வீட்டில கிடக்கிற சாமானில செய்யலாம் எண்டு தொடங்குவினம், பிறகு அவையின்ர வீட்டில கிடக்கிற சாமானைத்தான் எடுப்பினம். ஐஸ்பழக் குச்சி நூறு. பலகைத் தட்டு நாலு. ஏதோ ஒரு பேர் போட்ட பெயின்ற். அதுகளைத் தேடி நாங்கள் நெல்லியடிக்கும் பருத்தித்துறைக்கும் அலைஞ்சு, கடைசியில கடையில செய்த சாமானை வாங்கினதை விடக் கனக்கச் செலவழிச்சு நிப்பம்.

எங்கட வீட்டில கிடக்கிறது வேற. பனை ஓலை, ஈர்க்கு, பழைய வலை, மிதப்பு, நைலோன் கயிறு, தங்கூசி, ஜாம் போத்தல், உடைஞ்ச பட்டம்.

அதாலதான் வீடியோவை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு மாமாவிட்டப் போனன்.

மாமா எழுபது தாண்டினவர். கடலுக்குப் போறதை விட்டிட்டார். பட்டம் கட்டுறதை மட்டும் விடேல்லை. விளக்குக்கூடு கட்டோணும் எண்டன். ஒண்டும் கேக்கேல்லை. ஒரு மூங்கில் துண்டையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு வந்து விறாந்தையில இருந்தார்.

"பிள்ளை, பச்சைப் பக்கத்தில கத்தி வைக்கக்கூடாது. அதுதான் அதின்ர பெலன். உள்பக்கத்தைத்தான் சீவிக்கொண்டு போகோணும்."

சீவினார். கத்தியை ஆட்டாமல் மூங்கிலைத் தன்ர பக்கம் இழுத்தார். சுருள் சுருளா விழுந்துது. பிறகு நடுவை அளந்து, அந்தக் குச்சியைக் கத்தியின்ர முதுகில வைச்சார். ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்துது. தாழ்ந்த பக்கத்தில ரெண்டு இழுவை. திரும்ப வைச்சார். நேரா நிண்டுது.

"ரெண்டு பக்கமும் ஒரே பாரம். இல்லாட்டிப் பட்டம் ஒரு பக்கம் சாஞ்சு குத்தும்."

விளக்குக்கூடு என்ன பறக்கவா போகுது எண்டு மகள் கேட்டாள். "வளைக்கேக்கை பார்" எண்டார்.

அவர் சொன்னது சரி. பாரம் ஒத்த குச்சியை வளைச்சால் வட்டம் வட்டமா வருது. ஒவ்வாத குச்சி மெல்லிசான பக்கம் மட்டும் மடங்கி முட்டை மாதிரி நிக்குது. அந்தக் கடைக்கூடு ஏன் கோணலா இருந்ததெண்டு அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுது.

---

முதல் கூடு நான் தனியச் செய்தது. எட்டுமூலையின்ர எலும்பில நல்ல குச்சியாப் பாத்து ஆறு எடுத்தன். ரெண்டு வட்டம், நாலு நிமிர்த்துக் குச்சி. வட்டத்துக்கான குச்சியை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, மெழுகுதிரி நெருப்புக்கு மேல ஆட்டி ஆட்டி வளைச்சன். (நெருப்பு தொடக்கூடாது. சூடு மட்டும் படோணும். ஒரே இடத்தில வைச்சிருந்தால் கருகி முறியும், எனக்கு ரெண்டு முறிஞ்சது.) மூட்டுக்கெல்லாம் தையல் நூலால குறுக்குக்கட்டு.

கம்பி பாவிக்காதைங்கோ. எங்கட கரைக்காத்துக்குக் கம்பி தாங்காது. குசினியில ஒரு தட்டு அடிச்சனான், சாதாரண ஆணி. வருசம் முடியேல்லை, ஆணித்தலை பொடியாக் கொட்டுண்டு தட்டு ஒரு பக்கம் இறங்கிட்டுது. அதுக்குப் பிறகு ஏலுமான இடத்தில கயிறு, ஏலாத இடத்தில நாகம் பூசின ஆணி.

பிறகு ரிசுக் கடதாசி. இங்க பிழைச்சது. மேளத்துக்குத் தோல் இழுக்கிற மாதிரி இறுக்கி இழுத்து ஒட்டினன். ஈரத்தில பாக்க நல்லாத்தான் இருந்தது. விடியப் பாத்தால் காய்ஞ்ச கடதாசி சுருங்கி, வட்டத்தை உள்ளுக்க இழுத்து, கூடு இடுப்பு ஒடிஞ்ச மாதிரி நிக்குது.

மாமா வந்து பாத்தார்.

"கடதாசி தானா இறுகும், பிள்ளை. நாங்கள் இழுக்கத் தேவையில்லை. சுருக்கம் இல்லாமல் சும்மா விரிச்சு ஒட்டு. காய விடு. பிறகு தண்ணி."

தண்ணி எண்டு அவர் சொன்னது, வாய்க்குள்ள ஒரு மிடறு வைச்சுப் பூ மாதிரி ஊதுறது. உடுப்புக்கு அயன் பண்ணேக்கை அந்தக் காலத்தில ஊதுவினமே, அப்பிடி. ஊதின உடன கடதாசி தொய்ஞ்சு போச்சுது. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. அரை மணித்தியாலம் வெயில் படாத இடத்தில வைச்சார். போய்ப் பாத்தால் ஒரு சுருக்கம் இல்லை. விரலால தட்டினால் "டப்" எண்டு சத்தம். (ஊத ஏலாத ஆக்கள் செடிக்கு அடிக்கிற ஸ்பிறே போத்தல் பாவியுங்கோ. மகள் அதைத்தான் செய்தவள்.)

ரெண்டாவது கூடு அருமையா வந்தது. உள்ளுக்கு வெள்ளை ரிசு, வெளியில சிவப்பும் மஞ்சளும். ஒரு கிழமை தொங்கிச்சுது.

எட்டாம் நாள் பாத்தால் விளிம்பெல்லாம் அரிச்சுக் கிடக்கு. கரப்பொத்தான்! கோதுமைமாப் பசை அதுகளுக்குச் சோறு. புத்தகம் கட்டுற ஒரு ஐயா சொன்னார், பசை கிண்டி இறக்கேக்கை துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி கிட்ட வராதெண்டு. மூண்டாவது கூட்டுக்கு அதைத்தான் போட்டன். இப்ப வரை ஒரு அரிப்பும் இல்லை. ஆனால் அது நஞ்சு. சின்னப்பிள்ளையள் இருக்கிற வீட்டில நீங்களே கிண்டுங்கோ, சமைக்கிற சட்டியில கிண்டாதைங்கோ, மிச்சத்தைத் தாட்டுப்போடுங்கோ.

பல்ப் எல்ஈடி மட்டும்தான். ஐஞ்சு வாட்ஸ் காணும். பழைய குண்டு பல்ப் போட்டால் கடதாசி பத்தும். மேல் வட்டத்தைத் திறந்தபடி விடுங்கோ, சூடு வெளியில போகோணும்.

---

இனி நீத்துப்பெட்டிக் கதை.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி தெரியும்தானே? பனை ஓலையில பின்னின கூம்பு. எங்கட குசினியில ஒண்டு அடிப்பக்கம் பிஞ்சு போய் அம்மா எறியிறதுக்கு வைச்சிருந்தா. பிஞ்ச துவாரம் சரியா ஒரு பல்ப் ஹோல்டர் போற அளவு. தலைகீழாப் பிடிச்சு, ஹோல்டரை விட்டு, குசினி மேசைக்கு மேல தொங்கவிட்டன்.

லைற்றைப் போட்டதும் நானும் அம்மாவும் மகளும் கதைக்கேல்லை.

ஓலை பின்னலுக்குள்ளால வெளிச்சம் சின்னச் சின்னக் கட்டமா நாலு சுவரிலயும் விழுந்து கிடக்கு. வருசக்கணக்கா ஆவி குடிச்ச ஓலை, அதால ஒரு தேன் நிறம். புதுசு வாங்கினாலும் இந்த நிறம் வராது.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டா. "உது என்ர அம்மா பின்னினது" எண்டா.

எனக்குத் தெரியாது. அம்மம்மா செத்து இருவது வருசத்துக்கு மேல. அவ குந்தியிருந்து சார்வோலை வார்ந்து, பெட்டியும் கடகமும் பாயும் பின்னினது எனக்கு நினைவிருக்கு. அவவின்ர பெட்டி ஒண்டு இன்னும் எங்கட அடுப்பில இருந்ததெண்டு தெரியாமல் நான் பிட்டுத் திண்டிருக்கிறன்.

அடுத்தநாள் அம்மா தானாகவே ஓலை வார்ந்து மகளுக்குப் பின்னல் காட்டத் தொடங்கினா. முப்பது வருசமா அவ பின்னி நான் காணேல்லை. கை மறக்கேல்லை. முதல்ல ஓலையைப் பனியில போட்டுப் பதப்படுத்தோணும், காய்ஞ்சு முறுகினதை மடிச்சால் வெடிக்கும், ஒரே அகலமா வாரோணும், நனைஞ்ச துணியால துடைச்சுத் துடைச்சுப் பின்னோணும். மகள் ரெண்டு நாளில ஒரு சின்னப் பெட்டி முடிச்சிட்டாள். பேனை போட்டு வைச்சிருக்கிறாள். கோணல்தான். கடைக்கூட்டின்ர கோணலும் இதுவும் ஒண்டில்லை, இது பழகிற கையின்ர கோணல்.

பனை அபிவிருத்திச் சபை எண்டு 1978இலயே ஒரு சபை வைச்ச நாடு இது. பனையில இருந்து சாமான் செய்யத் தெரிஞ்ச கையள் எங்கட ஊரில வீட்டுக்கு வீடு இருந்தது. இப்ப விருந்துக்கு வாற வெளிநாட்டுச் சொந்தங்கள் பனை ஓலைப் பெட்டியைப் பெரிய விலை குடுத்து வாங்கிக்கொண்டு போகுதுகள். இங்க இருக்கிற எங்கட வீட்டிலதான் பிளாஸ்ரிக் கூடை.

---

இதை எழுதேக்கை ஜாம் போத்தலை விட ஏலாது.

1990. யுத்தத்தால யாழ்ப்பாணத்தில கரன்ட் நிண்ட வருசம். நான் ஐஞ்சாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனை. மண்ணெண்ணெய் கிடைக்காது, கிடைச்சாலும் யானை விலை. பற்றறி தடை. சிமிலி விளக்குக்கு ஊத்த எண்ணெய் இல்லை. அப்பத்தான் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு. பஞ்சில கொஞ்ச மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின்ர வால்வுக்குள்ளால நூல் திரி. கண்ணாடிச் சுவர் காத்தை மறைக்கும். நெருப்பு பயறு அளவுதான் நிக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில நான் இரவுப் படிப்பு முடிச்சிருக்கிறன்.

ரேடியோ கேக்க ஆசையெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில கேப்பம். அப்பா சுத்துவார், தமிழோசை கதைக்கும். அவர் களைச்சால் அண்ணை. செய்தி முக்கியமான இடத்தில ஆராவது கையை எடுத்தால் வீடே கத்தும். சவர்க்காரத் தட்டுப்பாட்டுக்குப் பனங்களியில உடுப்புத் தோய்ச்சம்.

இப்பிடி வீட்டில செய்யிறதுக்கு அப்ப ஆரும் பேர் வைக்கேல்லை. வடிவுக்கும் செய்யேல்லை. அந்தத் தேவை திரும்ப ஒருத்தருக்கும் வரக்கூடாது. ஆனால் 2022இல நாடு முழுக்க எண்ணெய் இல்லாமல், ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரன்ட் வெட்டினபோது, எங்கட வீட்டில ஒருத்தரும் பதறேல்லை. நான் அலுமாரிக்கு மேல இருந்த ஜாம் போத்தலை இறக்கினன். பழைய சைக்கிள் ரியூப்பில இருந்து வால்வை வெட்டினன். பத்து நிமிசம். மகள் பக்கத்தில இருந்து பாத்தவள், அடுத்தநாள் அயல் வீட்டுக்கும் ஒண்டு செய்து குடுத்தாள்.

எங்கட ஊருக்குக் கைவேலை புதுசில்லை. இந்தக் கரையில ஓடாவிமார் கையால கட்டின அன்னபூரணி அம்மாள் எண்ட பாய்க்கப்பலை றொபின்சன் எண்ட அமெரிக்கர் வாங்கி, தன்ர மனுசியின்ர பேரை வைச்சார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் எங்கட ஊர்ப் பெடியளும் அதை ஓட்டிக்கொண்டு போய், 1938இல அமெரிக்காவில குளொஸ்ரர் துறைமுகத்தில கட்டினவை. பாயும் கயிறும் மரமும். அந்தக் கைப்பழக்கம்தான் மாமா மூங்கிலைக் கத்தி முதுகில வைக்கேக்கை எனக்குத் தெரிஞ்சது. இண்டைக்கும் சித்திராப் பௌர்ணமிக்கு முத்துமாரி அம்மன் தீர்த்தம் முடிய, இந்திரவிழா ராத்திரியில கடதாசியால ஒட்டின புகைக்குண்டு வானத்தில போகுதே, அதுவும் ரிசும் பசையும்தான்.

---

கடைசியா ஒண்டு. விண்.

பட்டத்தின்ர தலையில கட்டுற விண் இருக்கே, வில்லு மாதிரி வளைச்சு நார் இழுத்துப் பூட்டுறது, காத்துப் பட்டால் கூவும். எங்கட எட்டுமூலையின்ர விண் நல்லா இருந்தது. மகள் அதைக் கழட்டி மேல்மாடி யன்னல் கம்பியில கட்டிவிட்டாள். வாடைக்காத்து எழும்பின ராத்திரி "ங்ங்ங்ங்" எண்டு தொடங்கிச்சுது. விடிய விடிய. பக்கத்து வீட்டு அன்ரி விடியவே படலையைத் திறந்துகொண்டு வந்திட்டா. நான் மன்னிப்புக் கேக்க வாயெடுக்க முதல், "ஆரடி விண் கட்டினது? எனக்கு என்ர தம்பியாரை நினைவு வந்திட்டுது, இன்னும் கொஞ்ச நாளைக்குக் கிடக்கட்டும்" எண்டா. அவவின்ர தம்பி கனடா போய் முப்பத்தஞ்சு வருசம்.

இப்ப பகலில மட்டும் கட்டுறம். ராவில கழட்டி வைப்பம், அன்ரிக்கு விருப்பமெண்டாலும் மற்ற வீட்டில குழந்தையள் நித்திரை.

மகளின்ர அறைக்கூட்டுக்கு ஆன கணக்கையும் சொல்லிவிடுறன், கேப்பியள் எண்டு தெரியும். மூங்கில் பட்டத்தில இருந்து, காசில்லை. ரிசு ஆறு தாள், நூல் ஒரு கட்டை, மா ஒரு பிடி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை. பல்ப்பும் ஹோல்டரும் வயரும்தான் செலவு. எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல. குசினி நீத்துப்பெட்டிக்கு அதையும் விடக் குறைவு.

இதை வாசிக்கிற வல்வெட்டித்துறை ஆக்களிட்டை ஒரு கேள்வி. பொங்கலுக்குக் கட்டின பட்டம் உங்கட கோடியில இன்னும் கிடக்கோ? தயவு செய்து எரிக்காதைங்கோ. விண்ணைக் கழட்டி உள்ளுக்க வையுங்கோ. மூங்கிலை மழை படாத இடத்தில சாய்ச்சு விடுங்கோ. செய்யத் தெரியாட்டி எங்கட வீட்டுக்கு வாங்கோ, மாமா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விறாந்தையிலதான் இருப்பார். கத்தி மட்டும் கொண்டு வாங்கோ, அவர் தன்ர கத்தியை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டார்.